தம்பி கேட்ட வெள்ளைப் புறாக்கள்

வாடகைக்குப் பிடித்த வானில் இருந்து இறங்கிய தம்பி வீட்டுக்குள் வரவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே பின்வளவுக்கு நடந்து, பறவைக் கூட்டின் முன்னால் போய் நின்றான். நான் தேத்தண்ணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன்.

கூட்டுக்குள் ஒரே அமளி. லவ்பேர்ட்ஸ் எல்லாம் ஒரு மூலைக்குப் பறந்து கம்பியில் தொங்கின. காடைகள் மணலோடு மணலாகப் பதுங்கிவிட்டன. வெள்ளைப் புறாக்கள் இரண்டும் மட்டும் தங்கள் பலகையில் அசையாமல் இருந்து, கழுத்தைச் சரித்து அவனைப் பார்த்தன. ஊருக்குப் புதிய ஆளைப் பார்க்கிற பார்வை. முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்தப் பக்கம் வராதவனை வேறு எப்படிப் பார்ப்பதாம்?

"அக்கா, இந்த ரெண்டையும் எனக்குத் தாங்கோ," என்றான்.

வந்து நின்றவுடன் அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். சுகம் விசாரிப்பு பிறகுதான் வந்தது. தேத்தண்ணி அதற்குள் ஆறிவிட்டது.

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் என் தம்பி றெஜியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவன் இப்போது எங்கே, வந்து போவானா என்று கேட்ட வாசகர்கள் பலர். அவன் கனடாவில் இருக்கிறான். ஒருமுறை வந்தான். இது அந்த வருகையின் கதை.

ஒரு இரவு

அவன் வந்தது எங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு. பழைய மணிக்கோபுரம் இருந்த இடத்தில் அப்பாவின் நினைவாகப் புதிதாக ஒன்றைக் கட்டிக் கொடுத்திருந்தான். அப்பாவின் செத்த வீட்டுக்கு அவனால் வர முடியவில்லை. அந்தக் கவலையைச் சீமெந்தால் பூசி மூடப் பார்த்தான் என்று நினைக்கிறேன். குறை சொல்லவில்லை. என்னால் அதுகூட முடியாது.

கோபுரம் திறக்கும்போது அப்பாவின் வீட்டில் இருந்து கொண்டுவந்த வெள்ளைப் புறாவைத் தன் கையால் பறக்கவிட வேண்டும் என்பது அவன் ஆசை. ரொறன்ரோவில் இருந்தே திட்டம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வீடியோவில் என் கூட்டைக் காட்டியது என் பிழை.

எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அவன் இந்த வீட்டில் ஒரு இரவு படுக்க வேண்டும். அவ்வளவுதான். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புது மெத்தை போட்டு, நுளம்பு வலைகூடக் கட்டிவிட்டேன். அவனோ யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் எடுத்திருந்தான். வெக்கை தாங்க ஏலாதாம், இன்டர்நெட் வேணுமாம். இந்த வெக்கையில்தான் அவன் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடித் திரிந்து வளர்ந்தான். அதைச் சொன்னால் ரீச்சராக இருந்தவளுக்கு வாய் நீளம் என்பார்கள்.

போனவர்கள் விட்டுப்போன பறவைகள்

இந்தக் கூடு நான் ஆசைப்பட்டு வைத்தது இல்லை. இந்தத் தீவில், எங்கள் நாரந்தனையில் இருந்து ஒரு குடும்பம் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டால், பூட்டிய வீட்டின் திறப்பு ஒருவரிடம் போகும், ஆடு மாடு இன்னொருவரிடம் போகும். பறவைகள் என்னிடம் வரும். யார் தொடக்கிவைத்த வழக்கமோ தெரியாது.

முதலில் லவ்பேர்ட்ஸ் வந்தன. சுவிசுக்குப் போனவர்கள் தந்தது. அடுத்ததாக ஒரு கூடை நிறையக் காடை. பிறகு சின்னச் சிட்டுகள். கொண்டை வைத்த சாம்பல் நிறக் கிளி ஒன்றும் வந்தது. அது பாண் ரொட்டி விற்கிறவரின் ஓட்டோ வாசிக்கிற பாட்டை அப்படியே விசிலடிக்கும். நான் எத்தனையோ நாள் காசை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடி ஏமாந்திருக்கிறேன்.

கொண்டுவருகிற எல்லோரும் ஒரே வசனம்தான் சொல்லுவார்கள். "ரீச்சர், நீங்கள் ஒரு இடமும் போகமாட்டியள்தானே." அன்பாகத்தான் சொல்லுகிறார்கள். கலியாணம் கட்டாதவள், பென்ஷன் எடுத்தவள், கூடப்பிறந்தவன் வெளியில். எங்கே போகப்போகிறாள்? உண்மைதான். ஆனாலும் உண்மையை அப்படி முகத்துக்கு நேரே, ஒரு கையில் கூட்டைத் தூக்கிக்கொண்டு சொல்லக் கூடாது.

வெள்ளைப் புறாக்கள் கடைசியாக வந்தவை. நயினாதீவு ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு நேர்ஸ் மிஸ்ஸி, இடமாற்றம் வந்தபோது, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு லோஞ்ச் படகில் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாள். ஊரில் கோயில் கூரைகளில் திரிகிற மாடப்புறா இல்லை இது. சின்னச் சாதி. கூட்டில் பிறந்து, கூட்டில் தின்று, கூட்டிலேயே சாகிற சாதி.

கலந்து வளர்ப்பது

பல சாதிப் பறவையை ஒரே கூட்டில் விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். விடலாம். ஆனால் புறாவின் பக்கம் நின்று யோசிக்க வேண்டும். ஏனென்றால் அதுதான் தனக்காக ஒன்றும் கேட்காது.

லவ்பேர்ட்ஸ் தினையை உடைத்துப் பருப்பைத் தின்றுவிட்டு உமியைத் தட்டிலேயே விடும். பார்க்கிறவருக்குத் தட்டு நிறையச் சாப்பாடு. புறா வந்து மேலால் இரண்டு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பலகைக்குப் போய்விடும். நான் காலையும் மாலையும் உமியை ஊதிவிடுவேன். புறாவின் சாப்பாட்டைக் கீழேயும் மற்றவைகளின் சாப்பாட்டை மேலேயும் வைத்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது.

புறா இருக்கிற பலகைக்கு மேல் ஒரு கொப்பும் இருக்கக் கூடாது. இருந்தால் மற்றவை மேலே இருந்து எச்சம் போடும், அதுவும் சும்மா இருந்து வாங்கிக்கொள்ளும். கிளி வாலைப் பிடித்து இழுத்தாலும் தள்ளித்தான் இருக்கும். எனக்குச் சில வேளை கோபம் வரும். "திருப்பிக் கொத்து" என்று கூட்டுக்கு வெளியே நின்று கத்தியிருக்கிறேன். பக்கத்து வளவில் யாரோ சிரித்தார்கள்.

தண்ணீர் குடிப்பதில் மட்டும் புறாவுக்கு ஒரு மிடுக்கு உண்டு. மற்றப் பறவைகள் ஒரு சொட்டு எடுத்து, அண்ணாந்து விழுங்கும். புறா சொண்டைத் தண்ணீருக்குள் வைத்து ஒரே இழுவையாகக் குடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். பவுசர் வண்டியில் வருகிற நல்ல தண்ணீரைத்தான் நானும் அவைகளும் குடிக்கிறோம்.

முட்டை இட்டால் பகலில் ஆண் அடைகாக்கும், பின்னேரம் பெண் வந்து பொறுப்பெடுக்கும். மாறும்போது ஒன்றையொன்று பார்த்துச் சின்னதாக ஒரு சத்தம் போடும். வீட்டில் அந்த நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்கவென்றே நான் கதிரையைக் கூட்டடியில் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு இருப்பதுண்டு. வேறு என்ன வேலை எனக்கு?

அனலைதீவுக்குப் போன புறா

பறக்கவிட்டாலும் புறா வீட்டுக்குத் திரும்பி வரும் என்று றெஜி சொன்னது முழுதும் வீண்கதை என்று சொல்ல மாட்டேன். அவன் சின்னவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மாடப்புறா வளர்த்தோம். அப்பா அனலைதீவுப் பக்கம் கடல் தொழிலுக்குப் போகும் நாட்களில் இவனும் ஒரு ஓலைக் கூடையில் இரண்டைப் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஏறிவிடுவான். அங்கே போய்த் திறந்துவிடுவான். வள்ளம் கரைக்கு வருமுன் புறா வீட்டுக் கூரையில் நிற்கும்.

கரையில் இறங்கி ஓடிவரும்போதே "அக்கா, வந்திட்டுதோ?" என்று கத்துவான். வந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் சாப்பிட உட்காருவான்.

பிறகு யுத்தம். தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது புறாக்கூட்டைத் திறந்துவிட்டுப் போனோம். றெஜி அப்படியே கொழும்பு, அங்கிருந்து கனடா. நானும் அப்பாவும் கனகாலம் கழித்துத் திரும்பி வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. சுவரில் சில மாடப்புறாக்கள் இருந்தன. அதை அவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது.

பழைய புறாக்களா அவை? யார் கண்டது. புறா அவ்வளவு காலம் இருக்காது. எங்கேயோ இருந்து வந்து குந்திய புறாவாக இருக்கலாம். ஆனால் அழுகிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

வாக்குவாதம்

கூட்டடியில் நின்றவனுக்கு நான் முதலில் தன்மையாகத்தான் சொன்னேன்.

"தம்பி, இதுகளை வெளியில விட்டால் திரும்பி வராதுகள்."

"என்னக்கா கதைக்கிறியள்? அனலைதீவில விட்டது எங்களுக்கு முதல் வீட்டை வந்து நிக்கிறேல்லையே?"

அது வேறு சாதி, இது வேறு சாதி என்று விளங்கப்படுத்தினேன். வேலி வரைக்கும் பறக்கும், அங்கால் எந்தப் பக்கம் வீடு என்று தெரியாது, கோயில் கூரையில் போய் இருக்கும், காகம் கொண்டுபோய்விடும். பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்த மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, புறாவைப் படம் எடுத்துக்கொண்டு நின்றான்.

கடைசியில் தொலைபேசியைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டுச் சொன்னான்.

"உங்களுக்கு ஒண்டையும் வெளியில விட மனமில்லை, அக்கா. எல்லாத்தையும் பூட்டி வைச்சே பழகிட்டியள்."

அது சுட்டது. இந்த வீட்டில் இருந்து போன ஒவ்வொருவருக்கும் படலையைத் திறந்துவிட்டவள் நான். அவனுக்கும் நான்தான் திறந்தேன். சண்டை பிடித்தால் அவன் ஹோட்டலுக்குப் போவான், திருநாள் முடியப் பிளேன் ஏறுவான், அவ்வளவோடு முடிந்துவிடும்.

"சரி. திருநாளண்டு காலமை நானே கொண்டுவந்து தாறன்," என்றேன்.

அவன் என் தோளில் கையைப் போட்டான். ஆறின தேத்தண்ணியையும் குடித்தான்.

யோகனின் பிள்ளைகள்

பக்கத்து ஊர் சுருவிலில் யோகன் என்று ஒருவர் ஓட்டோ ஓடுகிறார். பந்தயப் புறா வளர்ப்பவர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தெரியாத மனிசனுக்குப் புறா தும்மினால் தெரிந்துவிடும் என்று அவருடைய மனைவி சொல்லுவா. அவரிடம் நல்ல வெள்ளை மாடப்புறாக்கள் இருந்தன. வவுனியாவில் விட்டாலும் வீடு வந்து சேருமாம்.

நான் போய் இரண்டைக் கேட்டேன். விசயத்தையும் மறைக்கவில்லை. நீர் ஒருவருக்கும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னேன். யோகன் வெடி கொளுத்துவார்களா, பலூன் கட்டுவார்களா என்றெல்லாம் விசாரித்தார். தம்பிக்கு இப்படிச் செய்யலாமோ ரீச்சர் என்று கேட்பார் என்று பயந்தேன். அவருக்கு அந்தக் கவலை இல்லை. தன் புறாவைக் கழுத்தில் பிடிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லச் சொன்னார்.

திருநாளன்று பூசை முடிந்து சனம் கோபுரத்தடியில் கூடியது. நான் யோகனின் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். றெஜி பட்டு வேட்டியில், அப்பாவின் சாயலில் நின்றான். ஒலிபெருக்கியில் அப்பாவின் பெயரைச் சொன்னபோது எனக்குக் கண் நிறைந்தது. புறாவைக் கையில் எடுத்தவன் என் பக்கம் திரும்பி, நல்லாத் தீன் போட்டிருக்கிறியள், பாரமாக இருக்கு என்றான். பங்குச் சுவாமி புறாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஆசீர்வாதச் செபத்தைக் கொஞ்சம் அவசரமாகவே தொடங்கினார்.

புறாக்கள் கோபுரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, சுருவில் பக்கமாக நேரே போயின. சனத்துக்குள் நின்ற யோகன் கையைத் தட்டிவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினார். எல்லோரும் வடிவு, வடிவு என்றார்கள். வடிவாகத்தான் இருந்தது.

அவன் வந்தான்

மத்தியானம் கோயில் ஆட்களோடு சாப்பாடு, பின்னேரம் யாழ்ப்பாணத்தில் யாரோ நண்பர் வீடு, விடிய விமான நிலையம். அவன் எனக்குச் சொன்ன ஒழுங்கு அதுதான். வீட்டுக்கு வருவதாகச் சொல்லவில்லை. நான் காய்ச்சிய நண்டுக் குழம்பில் பெரும்பங்கை வாளியில் போட்டுக் கோயிலுக்கே அனுப்பிவிட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு குசினிக்குள் இருந்தபோது வான் வந்து நின்ற சத்தம் கேட்டது.

நான் வெளியே வருவதற்குள் அவன் கூட்டடிக்குப் போய்விட்டான். பலகையில் வெள்ளைப் புறாக்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஆண் குனிந்து குனிந்து கூவிக்கொண்டிருந்தது.

றெஜி வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினான். இவ்வளவு வயது போனவன், பட்டு வேட்டியோடு, குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதான்.

"வந்திட்டுதுகள், அக்கா. எனக்கு முதல் வந்து நிக்குதுகள். நான் சொன்னனான்தானே?"

கதவை ஆர் திறந்துவிட்டது, பூட்டியிருந்த கூட்டுக்குள் எப்படிப் போயின என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவோம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு வான்காரரிடம் போனான். தான் இன்றைக்கு இங்கே படுக்கப் போவதாகவும் விடிய வந்து ஏற்றச் சொல்லியும் அனுப்பிவிட்டான்.

என்ன சமைப்பது என்றே தெரியவில்லை. புட்டு அவித்து, மிச்சமிருந்த நண்டுக் குழம்பைச் சூடாக்கினேன். அப்பாவின் பழைய சாரத்தை உடுத்திக்கொண்டு, நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். சின்ன வயதுக் கதை எல்லாம் கதைத்தோம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறிவிட்டது. கடைசியாக எப்போது இந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. அவன் முன்னறையில் குறட்டை விட்டது கூரைக்குக் கேட்டிருக்கும்.

கொளுக்கியில் கை

காலையில் தேத்தண்ணியோடு போனேன், முன்னறையில் ஆள் இல்லை. கூட்டடியில் வெறுங்காலோடு நின்றான். ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கை கதவுக் கொளுக்கியில்.

வான் வருமுன் இன்னொருதரம் விட்டுப் பார்ப்போம், திரும்பி வந்து இருக்கிறதை வீடியோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்றான். அவனுடைய பிள்ளைகள் இந்த வீட்டைக் கண்டதில்லை. இந்தப் புறாவைக் கண்டால் ஒருவேளை வர நினைப்பார்களாம்.

வெய்யில் ஏறட்டும் என்று சொல்லப் பார்த்தேன். முட்டை இருக்கு என்று பொய்யாவது சொல்லப் பார்த்தேன். பக்கத்துப் பூவரசில் காகங்கள் வந்து இருந்துவிட்டன. கொளுக்கி கழன்று கதவு கொஞ்சம் நீங்கியது. ஆண் புறா பலகையில் இருந்து இறங்கி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு கதவடிக்கு நடந்து வந்தது.

"திறக்காதை தம்பி. அதுகள் போகேல்லை."

அவன் திரும்பினான்.

"நேற்று நீ விட்டது யோகன்ர புறா. இதுகள் கூட்டை விட்டு வெளிக்கிடவே இல்லை."

அவன் கையை எடுக்கவில்லை, கதவைத் தள்ளவும் இல்லை. புறா அவன் விரலடிக்கு வந்து நின்று கழுத்தைச் சரித்தது. கோபிப்பான் என்று நினைத்தேன். கோபித்திருந்தால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன். அவன் கதவை மெல்லச் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, கழன்றுவிடுமா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தான்.

"நேற்றுப் பின்னேரமே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொல்லியிருந்தால் இஞ்ச படுத்திருப்பியோ?"

அவன் கொளுக்கியில் இருந்து கையை எடுத்தான்.

"இல்லை, அக்கா," என்றான்.

அதற்குள் வான் வந்து படலையில் நின்றது. அவன் உள்ளே போய்க் காற்சட்டை மாற்றி வந்தான். சாரத்தை மடித்து மெத்தையில் வைத்திருந்தான். சப்பாத்தைப் போடக் குனிந்தவன், நிமிராமலே, அடுத்தமுறை ஹோட்டல் எடுக்கமாட்டேன், நேரே இங்கே வந்து படுக்கிறேன் என்றான்.

"வா," என்றேன். எப்போது என்று கேட்கவில்லை. கேட்டால் ஏதோ ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லுவான். நான் அதை நம்பத் தொடங்கிவிடுவேன்.